ஐந்து நிமிடம் அறுந்திருக்க வேண்டும்

தையல் கடையில் அவளுக்கு வைத்த பெயர் மூணுதரம். ஒருவருடைய தோளை ஒரு தரம் அளப்பாள். சந்தேகம் வரும், இன்னொரு தரம் அளப்பாள். இரண்டு அளவும் ஒன்றாகவே வந்துவிட்டால் அது எப்படி என்று அதிலும் ஒரு சந்தேகம் வரும், மூன்றாவது தரம் அளப்பாள். கையை நீட்டியபடி நிற்கிற வாடிக்கையாளர் துணி காயப்போட்ட கொடி மாதிரி நின்றுகொண்டே இருப்பார்.

"சீக்கிரம் எடும்மா. மனுஷன் நின்னே இளைச்சுட்டாரு. இனி எடுத்தா வேற அளவுதான் வரும்" என்பார் மாமா. கடை அவருடையது. அம்மாவின் தம்பி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் நாற்பத்திரண்டு வயது வரை தைத்துக்கொண்டே இருந்துவிட்டவர்.

பகலில் அளவு, மாலையில் படிப்பு. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வயர்லெஸ் தொழில்நுட்ப மாலை வகுப்பு நடந்தது. பத்துப் பேர் சேர்ந்த வகுப்பில் வருடக் கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி மூணுதரம். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எதிலும் சந்தேகம் வராது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி தப்பாக இருக்கும், ஆனால் சொல்கிற அழகில் சரி மாதிரியே இருக்கும்.

மூணுதரத்துக்கு இது இரண்டாவது வருடம். போன வருடத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினாள். பிறகு எழுதியது சரிதானா என்று பார்க்க ஆரம்பித்தாள். மணி அடித்தது, பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கை அணைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். தாள் அவள் கையிலேயே இருந்தது. இரண்டு வருடத்துக்குமேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை என்பது வகுப்பின் விதி. இந்த முறை தேறினால் ஒரு பெரிய மருத்துவமனையின் வயர்லெஸ் பிரிவுக்கு, வகுப்பெடுக்கும் மிஸ் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். தேறாவிட்டால் பதிவேட்டில் அவள் பெயர்மேல் ஒரு கோடு, அவ்வளவுதான்.

மிஸ்ஸுக்கு வயது முப்பதுக்குள். பகல் வேலை முடிந்து நேராக ஓடிவருவதால் முதல் பாடத்தைப் பிஸ்கட் மென்றபடியேதான் நடத்துவார். இந்த வருடம் எழுத்துத் தேர்வே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"தாள்ல யார் வேணா எழுதலாம். இந்தக் கட்டடத்துலயே வயர்லெஸ் வலை இருக்கு. அதுல எது முக்கியமான பெட்டின்னு கண்டுபிடிச்சு ஒரே ஒரு பேர் சொல்லுங்க. அந்தப் பெட்டியை அணைப்போம். வலை ரெண்டா அறுந்து, அஞ்சு நிமிஷம் அறுந்தே இருந்தா பாஸ். ஒட்டிக்கிட்டா ஃபெயில். ஆளுக்கு ரெண்டு வாய்ப்பு."

அது பருத்த சுவர்கள் கொண்ட பழைய கட்டடம். உள்ளே நுழைந்தால் கைபேசிக்குச் சிக்னல் செத்துவிடும். அதனால் கடைக்கு ஒன்றாகச் சோப்பு டப்பா அளவில் வயர்லெஸ் பெட்டிகள் வைத்திருந்தார்கள். கைபேசியில் தட்டுகிற சேதியைக் கடையில் இருக்கிற பெட்டி வாங்கிக்கொள்ளும். ஒரு பெட்டி தனக்குக் கேட்டதைப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். 'நீல நூல் இருக்கா', 'லிஃப்ட் நின்னுபோச்சா' என்று கடைக்காரர்களின் சேதிகளெல்லாம் இப்படித்தான் கட்டடத்தைச் சுற்றிவந்தன. மொத்தம் பத்தொன்பது பெட்டிகள். கிழக்குப் பக்கம் பத்து, மேற்குப் பக்கம் எட்டு. நடுவில் லிஃப்டும் தண்ணீர்த் தொட்டியும் சுவராக நின்றன. மிச்சம் ஒன்று இரண்டாவது மாடியில், இரு பக்கத்தையும் இணைக்கிற நடைவழியில், மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்கிறவரின் மேசையடியில் இருந்தது.

எது முக்கியம் என்று கண்டுபிடிக்க மிஸ் சொல்லிக்கொடுத்த வழி வயர்லெஸ் ஆட்கள் கண்டுபிடித்தது அல்ல. ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஆராய்கிறவர்களுடையது.

"உங்க வீட்டுல எடுத்துக்கங்க" என்றார் மிஸ், மெக்கானிக்கைப் பார்த்து. "யாரு நிறையப் பேருகூடப் பேசுவாங்க?"

"எங்க பெரியம்மா. தப்பான நம்பர்ல கூப்பிட்டவன்கிட்டக்கூட அரை மணி நேரம் பேசுவாங்க."

"உங்க அப்பாவும் பெரியப்பாவும்?"

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை மிஸ். ஏழு வருஷமாச்சு."

"அப்ப இந்த வீட்டுச் சேதி அந்த வீட்டுக்கு எப்படிப் போகுது?"

மெக்கானிக் முதல்முறையாக யோசித்தார். "எங்க சின்ன அத்தை. ஆனா அவங்க வாயே தொறக்க மாட்டாங்க மிஸ். வருவாங்க, காப்பி குடிப்பாங்க, போவாங்க."

"அவங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துட்டா?"

"அந்த வீட்டுல யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னே எங்களுக்குத் தெரியாது."

"பெரியம்மா படுத்துட்டா?"

"கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

மூணுதரம் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நிறையப் பேச்சு என்பது வேறு, நடுவில் நிற்பது வேறு. இரண்டிரண்டு பெட்டிகளாக எடுத்துக்கொள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி போகிற மிகக் குறுகிய வழி எது என்று பார். அந்த வழியில் இடையில் நிற்கிற பெட்டிக்கெல்லாம் ஒரு புள்ளி போடு. சமமாக இரண்டு வழி இருந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி. யார் அதிகமாக வாங்குகிறார்களோ அவர்தான் சின்ன அத்தை.

பத்தொன்பது பெட்டிக்கு நூற்றெழுபத்தொரு ஜோடி. இதற்கு மிஸ்ஸின் லேப்டாப் அரை விநாடிதான் எடுத்துக்கொள்ளும். மூணுதரம் அதை நம்பவில்லை. எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி கேட்கிறது என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் குறித்தாள், கோடு போட்டாள். பிறகு சாப்பாட்டு இடைவேளைகளில் வெட்டு மேசையடியில் உட்கார்ந்து நூற்றெழுபத்தொரு வழிகளையும் கையாலேயே எண்ணினாள். எத்தனை தரம் என்று சொல்லவேண்டியதில்லை.

கிழக்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அக்காவின் பெட்டிக்கு எட்டுக் கோடுகள், கட்டடத்திலேயே அதிகம். ஆனால் எட்டும் கிழக்குப் பக்கத்துக்குள்ளேயே சுற்றின. அதைத் தூக்கிவிட்டாலும் அக்கம்பக்கத்துப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதற்கு விழுந்த புள்ளி நாற்பத்தொன்று. கண்ணாடிக்காரரின் பெட்டிக்கு நாலே நாலு கோடு. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. விழுந்த புள்ளி எண்பது. கிழக்கே இருக்கிற பத்தில் யார் மேற்கே இருக்கிற எட்டில் யாரோடு பேசினாலும் அந்த மேசையடி வழியாகத்தான் போயாகவேண்டும். பத்து எட்டு எண்பது. இதில் அரைப் புள்ளிக்குக்கூட இடமில்லை என்று கண்ட அன்று அவளுக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டாள்.

"யாருக்கும்மா இது? ஆக்டோபஸுக்கா?" என்றார் மாமா.

தேர்வு நாள் வந்தது. மாலை ஐந்தரை, எல்லாக் கடையும் திறந்திருந்த நேரம். மிஸ்ஸின் லேப்டாப் திரையில் பத்தொன்பது பச்சைப் புள்ளிகளும் அவற்றுக்கிடையே கோடுகளும் மின்னின. அந்த லேப்டாப் கட்டடம் முழுவதையும் கேட்கும், ஆனால் தான் ஒரு வார்த்தை பேசாது.

முதலில் மெக்கானிக். "ஜெராக்ஸ்" என்றார், மிஸ் கேட்பதற்கு முன்பே. மூணுதரம் ஓடிப்போய் அணைத்தாள். எட்டுக் கோடுகள் மறைந்தன. மற்றப் பதினெட்டுப் புள்ளிகளும் ஒன்றும் நடக்காத மாதிரி பேசிக்கொண்டே இருந்தன.

"நிம்மதியா இருக்கு போல" என்றார் மெக்கானிக், தன் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு.

ஜெராக்ஸ் பெட்டியை மறுபடி போட்டார்கள். அடுத்தது மூணுதரம். பெயரைச் சொல்வதற்கே ஒரு நிமிடம் ஆனது. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள், மூடினாள், திறந்தாள். "கண்ணாடிக்காரர் பெட்டி மிஸ். அப்படித்தான் நினைக்கிறேன். இல்ல, அதான்."

அணைக்க மெக்கானிக் இறங்கிப் போனார். திரையில் நடுப்புள்ளி கறுத்தது. நான்கு கோடுகள் போயின. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் எட்டு. இடையில் துப்புரவாக ஒன்றுமே இல்லை.

"அறுந்துடுச்சு!" என்று மிஸ் பிஸ்கட்டைக் கீழே போட்டார்.

மூணுதரத்தின் மனம் கூரைவரை போய் முட்டியது. முட்டிய வேகத்தில் மேலேயிருந்து ஒரு சந்தேகம் உதிர்ந்து விழுந்தது. திரை சரியாகத்தான் காட்டுகிறதா? நிஜமாகவே அறுந்திருக்கிறதா, இல்லை திரைக்குத்தான் கேட்கவில்லையா?

"ஒரே ஒரு தரம் பார்த்துட்டு ஓடிவந்துடறேன் மிஸ்" என்றவள், மிஸ் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் இருந்தாள்.

முதலில் கிழக்கு. ஜெராக்ஸ் அக்கா இயந்திரத்தின் மூடியைத் திறந்து காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேற்குப் பக்கம் சேதி போகுதா பாருங்க!"

அக்கா கைபேசியைத் தட்டினார். "போகலையேடி."

"நிஜமா போகலையா?"

"சுத்தி சுத்தி நிக்குது. ஏன், சிக்னல் போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா!" என்று கையைத் தட்டிவிட்டு மூணுதரம் பறந்தாள். அதே பக்கத்துப் பட்டன் கடையிலும் கேட்டாள். நடைவழியைக் கடக்கும்போது கண்ணாடிக்காரரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு டீயோடு நிற்பதைப் பார்த்தாள். மேற்கே பாய்ந்தாள்.

"மாமா, கிழக்குப் பக்கத்துக்கு சேதி போகுதா?"

"இல்லம்மா. என்ன ஆச்சு?"

"அறுந்துடுச்சு மாமா, சூப்பரா அறுந்துடுச்சு!"

மாமாவுக்கு இதில் சூப்பர் என்ன என்று புரியவில்லை. அவள் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் சிரித்துவைத்தார்.

மூச்சு இரைக்க மேலே வந்தபோது மிஸ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். ஒட்டிக்கிச்சு."

திரையில் ஒரு புதுக் கோடு. அவளுடைய குறிப்பேட்டில் இல்லவே இல்லாத கோடு. ஜெராக்ஸ் அக்காவின் புள்ளியிலிருந்து வெட்டவெளியைத் தாண்டி நேராக மாமாவின் புள்ளிக்குப் போயிருந்தது.

"எண்ணினது தப்பா போச்சா மிஸ்?"

"எண்ணினது தப்பில்ல. அந்தக் கோடு இதுக்கு முன்னாடி இல்ல. இப்ப எப்படி வந்துச்சுன்னு எனக்கும் புரியல. ஆறரைக்கு ரெண்டாவது வாய்ப்பு. அதுக்குமேல என் கையில ஒண்ணும் இல்லம்மா."

முக்கால் மணி நேரம் இருந்தது. அழலாம் என்று தோன்றியது. ஆனால் அழுகை வருவதற்கு முன் குறிப்பேடு கையில் வந்துவிட்டது. வலையை ஆராய்கிற வழிதான் தெரியுமே. பெட்டிகளுக்குப் பதிலாக ஆட்கள். அவள் மறுபடி இறங்கினாள்.

ஜெராக்ஸ் அக்காவின் பெட்டி, எப்போதும் இருக்கிற அலமாரிக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதை ஏன் இங்க வெச்சீங்க?"

"சிக்னல் போனா ஜன்னல்லதான்டி வைப்பேன். தலையில ரெண்டு தட்டு தட்டி இங்க வெச்சா எங்கயாவது பிடிச்சுக்கும்."

"போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அக்கா இடுப்பில் கை வைத்தார். "என்னடி கேள்வி இது? நீதான் கையைத் தட்டிட்டு ஓடுன!"

அவள் ஒரு அம்புக்குறி போட்டாள். பட்டன் கடைக்காரரிடம் கேட்டாள்.

"எனக்கு யாரு சொன்னாவா? நீதாம்மா." இன்னொரு அம்பு. அவருடைய பக்கத்துக் கடைக்குச் சொன்னது அவர். அதற்கும் ஒன்று.

மேற்கே மாமா ஒரு படி மேலே போயிருந்தார். பெட்டியைக் கோட்டு மாட்டுகிற ஹேங்கரில் கட்டி ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். "இப்ப பாரு, எவ்வளவு தெளிவா வருது! நீ கவலைப்படுவியேன்னு உடனே சரி பண்ணிட்டேன்."

"உங்களுக்கு யாரு மாமா சொன்னா?"

"நீதான்."

"வேற யாருமே சொல்லலையா?"

"இந்தப் பக்கம் எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். எனக்கு நீ சொன்ன."

நடைவழியில் தரையில் உட்கார்ந்து எல்லா அம்புகளையும் ஒரே பக்கத்தில் வரைந்தாள். கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம், நடுவில் ஒற்றை வட்டம். முந்தைய பக்கத்தில் இருந்த படத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல் இருந்தது. நடு வட்டத்துக்குள் மட்டும் பெயர் எழுதாமல் வைத்திருந்தாள்.

டீ டம்ளரோடு மெக்கானிக் குனிந்து பார்த்தார். "அட, எங்க சின்ன அத்தை! நடுவுல இருக்கிறது யாரு?"

"நான்தான்" என்றாள் மூணுதரம்.

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அறுந்துடுச்சா அறுந்துடுச்சான்னு நீயே ரெண்டு பக்கமும் ஓடி ஓடி தைச்சுட்டு வந்திருக்க!" டீ சட்டையில் சிந்தியது. அதற்கும் சிரித்தார். கண்ணாடிக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், லென்ஸைத் துடைத்தபடி, "அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா போதுமேம்மா" என்றார்.

சும்மா இருப்பதா! நூற்றெழுபத்தொரு வழிகளை இன்னும் மூன்று தரம் எண்ணச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக எண்ணியிருப்பாள்.

இரண்டு பெட்டிகளையும் பழைய இடத்தில் வைக்கச் சொன்னாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சேதி ஆகிவிடும். மாமாவின் முகம் சுருங்கியது. ஹேங்கர் யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆறரை. மெக்கானிக் கீழே அணைத்தார். திரை இரண்டானது. மூணுதரம் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம். திரை சரியாகத்தான் காட்டுகிறதா? கால்விரல் தானாகத் தாளம் போட்டது.

"ஆடாதீங்க" என்றார் மிஸ். "எனக்கே பதறுது."

இரண்டு நிமிடம். திரை கெட்டுப்போய்ப் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தால்? ஒரே ஒரு தரம், யாரிடமும் பேசாமல், ஜன்னல் வழியாக மட்டும்... உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டரை நிமிடத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். வாசலில் ஜெராக்ஸ் அக்கா, கையில் கைபேசி, முகம் சிவந்து.

"ஏய் மூணுதரம், சிக்னல் மறுபடி போயிடுச்சாடி? உங்க மாமா கடைக்கு ஒண்ணும் போக மாட்டேங்குது. போச்சா இல்லையா, ஒண்ணு சொல்லு. நான் நேராவே போய்க் கேட்டுட்டு வரேன்."

போனால் இருவரும் சேர்ந்து பெட்டிகளை ஜன்னலுக்கு ஏற்றிவிடுவார்கள். இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வராது. ஆமாம் என்றால் செத்தாள்.

"அக்கா உட்காருங்க" என்று தன் நாற்காலியைத் தள்ளினாள். "உங்க நாத்தனார் அன்னிக்கு உங்க மெஷினைப் பத்தி ஏதோ சொன்னாங்கன்னீங்களே, என்னக்கா அது?"

அக்கா ஒரு விநாடி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் நாகரிகமாகத் தலையை ஆட்டினார். அக்கா உட்கார்ந்துவிட்டார். "அதை ஏன் கேக்குற! வந்தா, வந்தவ சும்மா நின்னாளா..." என்று ஆரம்பித்தார். அது இனி தானே ஓடும்.

மூன்றரை நிமிடம். திரையில் ஏதோ அசைந்தது. மேற்குப் பக்கத்து எட்டில் ஒரு புள்ளி கிளம்பி நடந்துகொண்டிருந்தது. மாமாவின் புள்ளி.

பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்! பெட்டிக்குள் பேட்டரி உண்டு, அணையாது. இந்த வகுப்பறை வாசலைத் தாண்டி வந்துவிட்டால் கிழக்குப் பெட்டிகள் அதற்குக் கேட்டுவிடும். வலை அவர் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். திரையில் ஒரு மெல்லிய கோடு, வரலாமா வேண்டாமா என்று துடித்தது.

மூணுதரம் எப்படி எழுந்தாள், எப்படி மேற்குப் படிக்கட்டுக்கு வந்தாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. மாமா கடைசிக்கு நான்கு படி கீழே வந்துவிட்டிருந்தார்.

"மாமா, அங்கேயே நில்லுங்க!"

ஒரு காலைத் தூக்கியபடியே மாமா நின்றார். "என்னம்மா? பாம்பா?"

"பாம்பு இல்ல. காலைக் கீழ வைங்க. அந்தப் படியிலேயே. திரும்பாதீங்க." காரணம் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய கழுத்தில் நாடா தொங்கியது. "அளவு எடுக்கணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

முப்பது வருடமாக ஊரையே அளந்த மனிதர். அவரை யாரும் அளந்ததில்லை. தன் சட்டையைக்கூடப் பழைய சட்டையைப் பார்த்துத்தான் தைத்துக்கொள்வார். மாமாவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கையை நீட்டுங்க மாமா."

தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தாள். இன்னொரு தரம் அளந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாதானே வந்துச்சு?"

"அதான் மாமா சந்தேகமா இருக்கு."

"என்ன தைக்கப்போற? எதுக்கு இவ்வளவு அவசரம், அதுவும் படிக்கட்டுல?"

"பேசாதீங்க, மூச்சுவிட்டா மார்பு அளவு மாறும்."

மாமா மூச்சை நிறுத்தினார். கன்னம் உப்பியது. உள்ளேயிருந்து ஜெராக்ஸ் அக்காவின் குரல், "நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் மூஞ்சியை ஜெராக்ஸ் போட்டாலும் இதே மாதிரிதான் வரும்னேன்!" என்று வெடித்தது. அதைக் கேட்டதும் மாமாவின் கண்கள் மட்டும் கதவுப்பக்கம் திரும்பின. மூணுதரம் அவர் தலையை நேராக்கினாள். மார்பு. ஒரு தரம். இரண்டு தரம். மாமாவின் முகம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷம்!" என்று மிஸ் கத்தினார்.

மாமா ஊதிய பலூன் அவிழ்ந்த மாதிரி மூச்சை விட்டார். மூணுதரம் நாடாவோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை, சரிபார்க்கவும் தோன்றவில்லை.

மிஸ் தாளோடு ஓடிவந்தார். வைத்து எழுத இடமில்லை. "சார், கொஞ்சம் குனியுங்க" என்று மாமாவின் முதுகில் தாளைப் பரப்பினார். "பெட்டி: கண்ணாடி ரிப்பேர். வழிகள்: எண்பது. அறுந்த நேரம்: அஞ்சு நிமிஷம் நாலு செகண்ட்."

"யாருக்கு என்ன அறுந்துச்சு?" என்றது முதுகு.

"உங்க அக்கா பொண்ணு பாஸ் பண்ணிட்டா சார்."

"நிஜமாவா?" மாமா சட்டென்று நிமிர்ந்தார். மிஸ்ஸின் கையெழுத்து கோணலாகத் தாளைவிட்டு வெளியே ஓடியது. "அம்மாடி! பாஸா?" இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். "உங்க அம்மாகிட்ட இப்பவே சொல்லணும்!"

அதே நேரம் கீழே மெக்கானிக் கண்ணாடிக்காரரின் பெட்டியை மறுபடி போட்டார். ஐந்து நிமிடமாக இரு பக்கமும் தேங்கி நின்ற சேதிகள் எல்லாம் ஒரே பாய்ச்சலில் கிளம்பின. மாமாவின் சட்டைப்பையில் கைபேசி டிங் என்றது. டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. அதே சமயம் வகுப்பறைக்குள் அக்காவின் கைபேசியும் அடிக்க ஆரம்பித்தது. நாத்தனார் கதை பாதியில் நின்றது.

மாமா தன் மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "யாரும்மா இத்தனை தரம்? படிச்சுச் சொல்லு" என்று கைபேசியை நீட்டினார்.

மூணுதரம் படித்தாள். "'மாஸ்டர், டீ குடிச்சாச்சா?' 'மாஸ்டர்?' 'இருந்துக்கிட்டே பதில் சொல்லலையா?' 'சரி விடுங்க.' 'நான் ஒண்ணும் கோவப்படல.' 'கோவம்தான்.' 'மேல போய்க் கேக்கப்போறேன்...'" நிறுத்தினாள். அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா நாடாவைக் கழுத்தில் சுற்றுவதில் மிகத் தீவிரமாக இருந்தார்.

உள்ளே மிஸ்ஸின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்று ஜெராக்ஸ் அக்கா தன் கைபேசியை மெல்லிய குரலில் படிப்பது கேட்டது. "'டீ சொல்லிட்டேன்.' 'டீ ஆறுது.' 'ரெண்டு டீயையும் நானே குடிச்சிட்டேன்.' 'கோவமா?'"

கதவோரம் அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது. படிக்கட்டில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று மறைந்தது.

"மாமா, இது எத்தனை நாளா?"

"எது?"

"இந்த வழி."

"போம்மா, போய் வேலையைப் பாரு" என்றார் மாமா. மேலே ஏறவா கீழே இறங்கவா என்று தெரியாமல் அதே படியில் நின்றார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூணுதரம் கோணல் கையெழுத்துப் போட்ட தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாமாவின் முதுகில் கைவைத்து மேல்பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளினாள்.